கரும்பைத் தின்னும் காளை

பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு, கரிச்சான். இந்த வரிசையைப் படித்ததும் உங்களுக்கு சாலிம் அலி நினைவுக்கு வந்தால் நீங்கள் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர் இல்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்தில் இவை மாடுகள். சரியாகச் சொன்னால், இரட்டை மாட்டு வண்டிப் பந்தயத்தின் பிரிவுகள். அடியில் சிட்டுகள், அவற்றுக்கு மேலே கரிச்சான், பிறகு நடுமாடு, உச்சியில் பெரிய மாடு. பல்லையும் உயரத்தையும் வைத்துப் பிரிப்பார்கள். எந்தச் சிட்டு எந்தச் சிட்டுக்கு மேலே என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் ஏணி ஒன்றுதான். மேலே போகப் போக ஓடவேண்டிய தூரம் கூடும். அந்தத் தூரத்தை இன்னும் மைலில்தான் சொல்கிறார்கள்.

பந்தயம் முடிந்த பிறகு டீக்கடையில் நடக்கும் பேச்சைக் கேட்டால் ஒன்று விளங்கும். பெரிய மாட்டில் ஜெயித்த ஜோடியைப் பற்றி ரெண்டு நிமிஷத்துக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அது ஓடிக் காட்டிவிட்டது, இனி அதில் பேச என்ன இருக்கிறது? பேச்செல்லாம் சிட்டுகளைப் பற்றித்தான். ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அந்தச் செவலை ஓடுச்சே, பாத்தியா மாப்ள?"

"பாத்தேன் மாமா. காலு நல்லாத்தான் வீசுது. கழுத்துதான் எடுக்கல."

"இன்னும் பல்லே போடலடா. கழுத்துக்கு என்ன அவசரம்?"

"சரி மாமா, பின்னால தொடப்பச்சுழி கெடக்கே. எங்கய்யா இருந்தா தொழுவத்துப் பக்கமே விட்ருக்க மாட்டாரு."

"ஒங்கய்யா சுழி சரியில்லைன்னு வித்த மயிலைதான் ரெண்டு வருஷங் கழிச்சு நடுமாட்டுல மொதக் கொடி வாங்குச்சு. மறந்துட்டியா?"

இந்த உரையாடலை அப்படியே தூக்கி அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் மைதானத்தின் மரப்பலகை இருக்கையில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேலை காரணமாக அமெரிக்க வாடிக்கையாளர்களோடு இரவுக் கூட்டங்களில் உட்காருபவன் நான். கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களில் அவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பேஸ்பாலே எனக்கு அறிமுகம். அவர்கள் நட்சத்திர வீரர்களைப் பற்றிப் பேசியதைவிட, ஏதோ ஒரு சின்ன ஊர் அணியில் ஆடும் பத்தொன்பது வயதுப் பையன் இன்னும் மூன்று வருடத்தில் என்ன ஆவான் என்று சண்டை போட்டதுதான் அதிகம்.

பேஸ்பாலிலும் ஒரு ஏணி உண்டு. மேலே மேஜர் லீக். அதற்குக் கீழே மைனர் லீக் என்று அடுக்கடுக்காகச் சின்ன ஊர்களின் அணிகள். 1901-லேயே மைனர் லீக்குகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. 1963-ல் பழைய வகுப்புகளை மாற்றியமைத்து மூன்று ஏ, இரண்டு ஏ, ஒரு ஏ என்று அடுக்கினார்கள். இந்தச் சின்ன அணிகளைப் பெரிய அணிகளின் நாற்றங்காலாக மாற்றியவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி. பணக்கார அணிகளோடு போட்டியிட்டு வீரர்களை விலைக்கு வாங்க அவரிடம் காசு இல்லை. அதனால் 1920-களில் சின்ன அணிகளை வாங்கிப் போட்டு, நூற்றுக்கணக்கான பையன்களைச் சேர்த்து, அவர்களை வளர்த்து, அதில் தேறுகிறவர்களை மேலே எடுத்தார். அந்த அமைப்புக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'பண்ணை'. நிறையப் போட்டால்தான் கொஞ்சம் தேறும் என்பது ரிக்கியின் கணக்கு. தேறாதவனின் கதி என்ன என்பது அந்தக் கணக்கில் வராது. 1938-ல் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் தலையிட்டு, கார்டினல்ஸ் பண்ணையில் கட்டிவைக்கப்பட்டிருந்த எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்களை அவிழ்த்துவிட்டார். 'அவிழ்த்துவிட்டார்' என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

பையனைப் பார்க்கப் போகும் ஆளுக்கு அங்கே ஸ்கவுட் என்று பெயர். நம்ம ஊர் மாட்டுத் தரகர் மாதிரி. ஓட்டம், எறிதல், அடி என்று ஒவ்வொன்றுக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பொறியியல் படித்தவனுக்கு இது பிடித்துப்போகும், எண் இருக்கிறதல்லவா. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் பழைய ஸ்கவுட்டுகள் ரகசியமாகப் பார்த்த இன்னொரு விஷயமும் உண்டு. பையனின் முகம். நல்ல முகவெட்டு உள்ளவன் நல்லா வருவான் என்று மனதார நம்பினார்கள். மைக்கேல் லூயிஸ் 2003-ல் எழுதிய 'மணிபால்' புத்தகத்தில் இது வருகிறது. அதன் நாயகன் பில்லி பீன் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர். 1980-ல் மெட்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. பார்த்த அத்தனை ஸ்கவுட்டுகளும் 'இவன்தான்' என்றார்கள். மேஜர் லீக்கில் அவர் ஆடியது மொத்தம் 148 ஆட்டங்கள், அடித்த சராசரி .219. அதே மெட்ஸ் அணியிலும் பிறகு நட்சத்திரமாக விளங்கிய மைக் பியாசாவை 1988-ல் 62-ஆவது சுற்றில், 1,390-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அதுவும் அப்பாவின் நண்பரான டாட்ஜர்ஸ் பயிற்சியாளர் லசோர்டா கேட்டுக்கொண்டதற்காக. 2016-ல் அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேமில் ஏறியது.

முகவெட்டு அவர்களுக்கு, சுழி நமக்கு. மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கோபுரச் சுழி, ஏறுபூரான் நல்லவை. துடைப்பச் சுழி, இறங்குபூரான் ஆகாதவை. பூரான் போன்ற அதே கோடு மேல்நோக்கி ஏறினால் குடும்பம் ஏறும், இறங்கினால் இறங்கும். மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதற்கும் எட்டு மைல் ஓடுவதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சுழி பார்க்கிறவர் சுழியை மட்டும் பார்ப்பதில்லை. சுழியைத் தேடி அவர் கை மாட்டின் முதுகில் போகிறது, திமிலைத் தொடுகிறது, விலாவை அமுக்குகிறது, தொடைச் சதையைப் பிடிக்கிறது. தொட்டதும் கன்று சிலிர்க்கிறதா, ஒதுங்குகிறதா, சும்மா நிற்கிறதா என்று அவர் கண் பார்க்கிறது. வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். ஏறத்தாழ இரண்டரை வயதில் முதல் ஜோடிப் பல், ஐந்தை ஒட்டி எட்டும் முளைத்துவிடும். மாட்டுக்கு ஆதார் அதுதான். (தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழியிலேயே, காசு கொடுத்தால் கட்டாயம் பார் என்பதும் இருக்கிறது.) இவ்வளவையும் பார்த்துவிட்டுக் கடைசியில் 'சுழி சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறார். சுழி பெரும்பாலும் முடிவுக்கு ஒட்டும் லேபிள் மட்டும்தான். முடிவை எடுத்தது கை.

ஒரு விஷயத்தில் மாட்டுக்காரர்களின் விவாதம் பேஸ்பாலைவிடச் சிக்கலானது. பேஸ்பால் பையன் தனியாக நின்று அடிக்கிறான். மாடு தனியாக ஓடாது. நுகத்தடியில் பக்கத்தில் நிற்பது எது என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேகம். ஒன்று முந்தி மற்றது இழுபட்டால் வண்டி சாலையில் நேராகப் போகாது. அதனால் 'இது நல்ல கன்று' என்ற வாக்கியமே அரை வாக்கியம். எதோடு சேர்த்து, எந்தப் பக்கம், எந்தச் சாரதியிடம் என்று மீதியைக் கேட்கவேண்டும். டீக்கடைச் சண்டை தீராமல் போவதற்கு இதுவும் காரணம். தோற்ற கன்றுக்காக வாதாட எப்போதும் ஒரு வழி இருக்கும்: "ஜோடி அமையல மாமா."

இதில் பணயம் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைனர் லீக்கில் தேறாத பையன் வீட்டுக்குப் போகிறான், வேறு வேலை தேடுகிறான். உழவை டிராக்டர் எடுத்துக்கொண்ட பிறகு தேறாத காளைக்கன்றுக்கு வேறு வேலை இல்லை. உத்தமபாளையத்திலிருந்து தெற்கே போனால் கம்பம். அங்கிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்துக்கு மலை ஏறலாம். அடிமாட்டு வண்டிகள் ஏறும் பாதைகளும் அவைதான். துடைப்பச் சுழி என்று சொல்லி ஒரு கன்றை ஒதுக்குவது வெறும் அபிப்பிராயம் இல்லை. சில நேரம் அது அந்தக் கன்று எந்த வண்டியில் ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. டீக்கடையில் அந்த மாமா செவலைக்காக அவ்வளவு நேரம் வாதாடியதை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள்.

இந்த விவாதத்தை முழுக்க வேறு விதமாக முடித்துவைத்த ஓர் ஏற்பாடும் இதே பள்ளத்தாக்கில் இருந்தது. 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் அது பதிவாகியிருக்கிறது. எட்கர் தர்ஸ்டனும் 1909-ல் வெளியான தன் சாதிகள், பழங்குடிகள் தொகுதிகளில் அதை எடுத்துப் போட்டார். கம்பத்தில் கன்னடம் பேசும் காப்பிலியர் சமூகத்துக்கு ஒரு புனித மந்தை உண்டு. இன்று ஒக்கலிகர் என்ற பெயரில் சேர்த்துச் சொல்லப்படுகிறவர்கள் அவர்கள். மந்தைக்குத் தமிழில் தம்பிரான் மாடு என்று பெயர். அதற்குத் தலைமை ஒரு ராஜாக் காளை, அதாவது பட்டத்துக் காளை. அது செத்தால் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது? நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் கூட்டுவார்கள். சூடம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்துப் படைப்பார்கள். பிறகு ஒரு கட்டுக் கரும்பை மந்தைக்கு முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். எந்தக் காளை முதலில் வந்து கரும்பைத் தின்கிறதோ அதுதான் அடுத்த ராஜா. மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டு, அன்றிலிருந்து அதை நந்தகோபாலனாகவே கும்பிடுவார்கள்.

சுழியில் இத்தனை வகை தெரிந்த ஒரு நிலப்பகுதி, தன் ஆகப் பெரிய தேர்வில் சுழி பார்க்கும் ஆளையே ஓரமாக நிற்கவைத்துவிட்டது. முதலில் இதைப் படித்தபோது எனக்கு உத்திரமேரூர்தான் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் வரும் குடவோலை முறை. நிலம், வீடு, வயது, கல்வி என்று கறாராகத் தகுதிகளைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டுக் குடத்தில் கையை விடச் சொல்வார்கள். தகுதி பார்ப்பது மனிதர், முடிவு சீட்டு. யாரும் யாரையும் 'உன்னாலதான்' என்று சொல்ல முடியாது. கம்பத்திலும் அப்படித்தான், ஊர்ச்சண்டையைத் தவிர்க்கும் ஏற்பாடு என்று ஒருவர் சொல்லலாம்.

ஆனால் சீட்டுக்கும் கரும்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சீட்டுக்கு எதுவும் தெரியாது. மந்தைக்குத் தெரியும். மாடுகளைக் கொஞ்ச நாள் கவனித்தவர்களுக்கு இது புதிதில்லை: தண்ணீர்த் தொட்டிக்கு முதலில் போவது எது, வழிவிட்டு நிற்பது எது என்று ஒவ்வொரு மந்தையிலும் ஒரு வரிசை உண்டு. மனிதர் போடாத வரிசை, முட்டி மோதி அவையே தீர்த்துக்கொண்டது. வலிய காளை பக்கத்தில் நிற்கும்போது எளிய காளை கரும்புக்கு முன்னால் போகாது. கூட்டத்தையும் சூடப் புகையையும் கண்டு மிரளும் காளையும் போகாது. ஆக முதலில் வந்து கடிப்பது, மந்தை ஏற்கெனவே ஒத்துக்கொண்ட, ஆள்கூட்டத்துக்கு அஞ்சாத, நல்லாத் தின்கிற காளையாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டத்துக் காளைக்கு இதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்? இது என் வாசிப்புதான். கெஜட்டியர் இப்படிச் சொல்லவில்லை, சடங்கைச் செய்தவர்களும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தெய்வச் சித்தம். எப்படிச் சொன்னாலும், இன்னும் நடக்காததை மனிதக் கண்ணால் யூகிப்பதை விட்டுவிட்டு, மாடே நடந்து காட்டட்டும் என்று காத்திருந்தார்கள். பில்லி பீன் பிறகு ஓக்லண்ட் அணியின் பொது மேலாளராகி, ஸ்கவுட்டுகளிடம் 'முகத்தை விடு, பையன் என்ன செய்திருக்கிறான் என்று பார்' என்ற நிலைக்கு வந்து சேர ஒரு தோல்வியடைந்த ஆட்ட வாழ்க்கை தேவைப்பட்டது.

யூகத்துக்குக் காலக்கெடு உண்டு என்பதை நீதிமன்றங்கள் பள்ளத்தாக்குக்குக் காட்டின. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாம் சொல்லும் நீண்ட கதை ஜல்லிக்கட்டில் தொடங்கவே இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போன மனுவில்தான் தொடங்கியது. 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி பானுமதி, கேட்ட ரேக்ளாவோடு சேர்த்து ஜல்லிக்கட்டையும் தடை செய்தார். மறு ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2011 ஜூலையில் மத்திய அரசு காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2016 ஜனவரியில் மத்திய அரசு தளர்வு கொடுத்தது, ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பிறகு 2017 ஜனவரி, மெரினா, அவசரச் சட்டம். 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் வரையறையில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர்கள் வருகின்றன. கர்நாடக, மகாராஷ்டிரச் சட்டங்களில் உள்ளதுபோல வண்டிப் பந்தயம் பெயர் சொல்லி வரவில்லை. எதில் வழக்கு தொடங்கியதோ அதற்குப் பெயரில்லை.

மெரினாவில் நின்றவர்கள் மூன்று பொங்கல் போனதைப் பற்றிப் பேசினார்கள். கன்றின் கணக்கில் பார்த்தால் அது வேறு. 2014 மே மாதம் பல் போடத் தொடங்கிய கன்றுக்கு 2017 ஜனவரியில் ஐந்து வயது, எட்டுப் பல்லும் வந்துவிட்டிருக்கும். சிட்டில் ஓடவேண்டிய வயதும் கரிச்சானில் ஓடவேண்டிய வயதும் சட்டப்படி ஓடாமலே முடிந்தன. அந்தக் கன்றைப் பற்றி டீக்கடையில் யார் சொன்னது சரி, மாமாவா மாப்பிள்ளையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பேஸ்பாலிலும் இப்படி ஒரு வருடம் வந்தது. 2020-ல் கொரோனாவால் மைனர் லீக் முழுவதும் ரத்து. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது மேஜர் லீக் தன்னோடு இணைந்த சின்ன அணிகளை 120-ஆகக் குறைத்துவிட்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் பட்டியலிலிருந்து போயின. மேலே அணிகள் குறையவில்லை, உலகத் தொடரும் நடந்தது. கீழ்ப்படிகள்தான் காணாமல் போயின.

நம் பண்ணையின் கீழ்ப்படி மேகமலை, வருசநாட்டு மலைகளில் இருக்கிறது. தேனி மலைமாடு கொட்டிலில் வளர்வதில்லை. மந்தையாகக் காட்டில் மேய்ந்து, அறுவடைக்குப் பிறகு வயல்களில் கிடை போட்டு வாழ்வது. பால் அதிகம் தராது. அதனால் பால் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. உழவும் எருவும் போக, ஜல்லிக்கட்டுக்கும் பந்தயத்துக்கும் காளை தருவதில்தான் அதன் விலை. ஒரு மந்தையில் பிறக்கும் கன்றுகளில் ஒன்றிரண்டுதான் யாரோ ஒருவர் கண்ணில் படும். ரிக்கியின் கணக்கேதான்: நிறைய இருந்தால்தான் கொஞ்சம் தேறும். நிறைய என்பது இப்போது குறைகிறது. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்திருந்தன, வெளிநாட்டு, கலப்பின மாடுகள் 27 சதவீதம் அளவுக்குக் கூடியிருந்தன. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில், மேகமலை தொடர்பான வழக்கொன்றில், தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலுக்குத் தடை என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதே மாதமே திருத்தி, புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்குள் மட்டும் தடை என்றது. மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது.

புலிக்கும் காடு வேண்டும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேகமலையில் மழை நின்றால் அடுத்து வற்றுவது வைகை. ஆனால் மெரினாவில் 'நாட்டு மாடு' என்று லட்சம் குரல் எழுந்த அதே மாநிலத்தில், அந்த மாடு எங்கே புல் தின்கிறது என்ற வழக்கு வந்தபோது குரல் கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட மேய்ச்சல்காரர்கள் மட்டும்தான். பெரிய மாட்டுக்குக் கைதட்டுகிறவர்கள் பல பேர். சிட்டைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். சிட்டு பிறக்கும் இடத்தைப் பார்க்கிறவர்கள் இன்னும் கொஞ்சம்.

கம்பத்தில் அந்தத் தொழு இன்றும் இருக்கிறது. நந்தகோபாலன் கோயில், தம்பிரான் மாட்டுத் தொழு. மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் சனம் வந்து பட்டத்துக் காளையைக் கும்பிடுகிறது. நேர்த்திக்கடனாகக் கன்றுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். கரும்பும் பழமும் வாங்கி வந்து மாடுகளுக்குக் கொடுக்கிறார்கள், குழந்தைகள் பயந்துகொண்டே நீட்டுகின்றன. தேர்வு நாள் இல்லை என்பதால் எது முதலில் தின்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. வெளியே சாலையோரம் நின்று, உள்ளே விட்ட கன்றுகளில் எது நல்லா வரும் என்று பேசிக்கொண்டிருக்கும் ரெண்டு மூன்று பேரைத் தவிர.